வருகைப் பதிவேடும் வால்வுச் சாவியும்

ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையென்றால் முதலில் ஆசிரியரைக் கேட்பார்கள். அப்புறம் தாய் தகப்பனைக் கேட்பார்கள். ஊராட்சி அலுவலகத்தின் படியேறி வந்து, "இந்தப் பிள்ளை ஏன் வரல?" என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டிருக்க வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்ற காரணங்களில் பெரும்பகுதி எங்கள் அலுவலக அலமாரியில்தான் இருந்தது. தண்ணீர் விடும் நேரம், வீட்டுவரிப் பதிவேடு, தெருவிளக்குப் பட்டியல், கழிப்பறை கழுவுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் எல்லாம் அங்கேதான் கிடந்தன.

1996 உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுத் தலைவர்கள் பொறுப்பேற்ற காலத்தில் நான் ஊராட்சி உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அந்தப் பதவி ஊராட்சிச் செயலர் ஆனது. ஊர்க்காரர்களுக்கு நான் கடைசிவரை கிளார்க்கு. எங்கள் ஊராட்சி இரண்டு தொழில்களின் நடுவில் இருந்தது. கிழக்கே மாதா கோயில், அதைச் சுற்றி மீனவர் தெருக்கள், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்கள். மேற்கே கண்ணெட்டிய தூரம் உப்பளம்; அதையொட்டி அளத்து வேலைக்குப் போகிறவர்களின் தெரு. இரண்டுக்கும் இடையில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. வைப்பாற்றுக்கும் தாமிரபரணி முகத்துவாரத்துக்கும் இடையிலுள்ள எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஏறக்குறைய இதேதான்.

பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை ஒருநாள் கிராமக் கல்விக்குழுத் தீர்மானத்தில் தலைவரின் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்கு வந்தார். தலைவர் வரத் தாமதமானது. டீச்சர் கையோடு கொண்டுவந்திருந்த வருகைப் பதிவேட்டை விரித்து மாதக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தாம் வகுப்பில் சில பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் குறிகள் ஒரே ஒழுங்கில் விழுந்திருந்தன. செவ்வாய், வெள்ளி. அடுத்த வாரமும் செவ்வாய், வெள்ளி. ஆறாம் வகுப்பைத் திருப்பச் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான்.

டீச்சருக்கு அந்தக் கிழமைகள் விரதமோ சந்தையோ என்று தோன்றியிருக்கிறது. எனக்கு அவை மனப்பாடம். உப்பளத் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நாட்கள் அவை.

எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வந்து மேல்நிலைத் தொட்டியில் ஏறும். தொட்டி நிறைவதைப் பொறுத்துத் தெருவுக்குத் தெரு முறை வைத்துத் திறப்போம். டேங்க் ஆபரேட்டர் எட்டு மணிக்கு வந்து வால்வைத் திறப்பார். உப்பளத்துப் பெண்கள் அந்நேரம் வீட்டில் இருக்கமாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டுமென்று விடியுமுன்பே, தூக்குவாளியோடு அளத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண்பிள்ளை இருக்கும். குடங்களை வரிசையில் வைத்துக் காவல் இருப்பது அதன் வேலை. கடைசிக் குடம் நிறையும்போது பள்ளியில் இரண்டாவது பீரியடு நடந்துகொண்டிருக்கும். அதற்குமேல் போனால் திட்டு விழும் என்று பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும்.

நான் அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டபோது ஒரு தாய் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "அண்ணாச்சி, பிள்ளய அனுப்பக் கூடாதுன்னு எங்களுக்கு ஆசையா? நான் அளத்துல நிக்கேன், அவ அப்பாவும் அங்கதான். தண்ணி யாரு பிடிச்சு வைப்பா? நீங்க வந்து பிடிப்பியளா?"

அவர்கள் மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குத் திரும்பிவிடுகிறவர்கள். அப்படியென்றால் அந்தத் தெருவுக்கு இரண்டு மணிக்குத் திறந்தால் போதும். மீனவர் தெருக்களுக்குக் காலை நேரம் வசதி; மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும். கேட்க எளிதாக இருந்தாலும் காரியம் எளிதில்லை. ஆபரேட்டர் சொற்பச் சம்பளக்காரர், மதியத்தில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மதிய நேரத்து மின்வெட்டு வேறு. காலையில் வந்துகொண்டிருந்த தண்ணீரை மாற்றினால் நமக்கு வராமலே போய்விடுமோ என்று உப்பளத் தெருவிலேயே சிலருக்குப் பயம். மன்றக் கூட்டத்தில் இரண்டு தடவை பேசித்தான் தீர்மானம் போட முடிந்தது. ஆபரேட்டருக்கு மதிய வேலைக்கென்று ஒரு சிறு தொகை கூட்டிக் கொடுத்தோம். ஊராட்சிக்கு வேறு செலவில்லை. ஒரு குழாய்கூடப் புதிதாகப் பதிக்கவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் பதிவேட்டை எடுத்துவந்து என் மேசையில் விரித்தார். செவ்வாய், வெள்ளிக் குறிகள் பெரும்பாலும் போயிருந்தன. அன்றிலிருந்து மாதம் முடிந்ததும் வருகைப் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாயிற்று. எந்தச் சுற்றறிக்கையும் அதைச் செய்யச் சொல்லவில்லை. செய்யக் கூடாதென்றும் சொல்லவில்லை.

தண்ணீருக்கும் படிப்புக்கும் உள்ள உறவு தூத்துக்குடிக்குப் புதிதில்லை. குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து, பலகாலம் போராடி, 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடி நகரத்துக்குக் கொண்டுவந்தார். அவரை நகரத்தின் தந்தை என்று இன்றும் சொல்கிறோம். தாகம் தீர்த்தவர் என்று சொல்லித்தான் மாலை போடுகிறோம். குடம் சுமந்த பெண்பிள்ளைகளின் கைகளை அவர் காலியாக்கினார் என்பதை யாரும் பள்ளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நகராட்சி பள்ளி வருகைக்காகச் செய்த பெரிய காரியம் எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். அதில் பள்ளிக்கூடம் என்ற சொல்லே வந்திருக்காது.

தண்ணீர்க் குறிகள் போனபிறகு மிச்சமிருந்த குறிகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றில் பெரியது உப்புப் பருவம்.

எங்கள் மாவட்டத்தில் உப்பு ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி செப்பனிடுவதில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை விளையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. பதிவேட்டை வருஷக்கணக்கில் புரட்டினால் உப்பளத் தெருப் பிள்ளைகளின் வருகை மழை மாதங்களில் நன்றாக இருப்பதும், மாசி பங்குனியில் சரிவதும் கண்ணுக்குத் தெரியும். ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கவேண்டிய நேரத்தில் பாத்தியில் உப்பு முற்றுகிறது. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும்போது அளத்தில் வேலை உச்சத்தில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளை நேரே உப்பு வார அனுப்புவது இப்போது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக, ஒரு பிள்ளை வீட்டில் நிற்கும்.

அதற்குப் பின்னால் முன்பணம் இருந்தது. வேலையில்லாத மழை மாதங்களில் கடன் வாங்காமல் அடுப்பு எரியாது. வாங்கியதைப் பருவத்தில் உழைத்துக் கழிக்க வேண்டும். கடன் பெரிதாக இருந்தால் வீட்டில் இன்னொரு ஜோடிக் கையும் அளத்துக்குப் போகும். ஆகவே பிப்ரவரியில் நிற்கப்போகிற பிள்ளையின் காரணம் நவம்பரிலேயே முடிவாகிவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்ற திட்டத்தை அரசு 2022-இல் கொண்டுவந்தபோது, அதை நான் கல்வித் திட்டமாகத்தான் பார்த்தேன். ஊராட்சி செய்யக்கூடியது, தெருவில் ஒரு பெயர்கூட விடுபடாமல் நலவாரியத்தில் பதிய வைப்பது. ஆதார் இல்லை, வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது, அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிச்சு இருந்தது. அந்த முடிச்சுகளை அவிழ்ப்பது கிளார்க்கு வேலை. அதைச் செய்த வருஷங்களில் பருவத் தொடக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் குறைவாக இருந்தார்கள் என்பது என் அனுபவம்.

இன்னொரு கூட்டம் பதிவேட்டில் குறியாகக்கூட வராது. அளத்துக்குள்ளேயே குடிசை போட்டுப் பருவம் முழுக்கத் தங்குகிற குடும்பங்கள். பனைக்காட்டுப் பக்கத்திலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள். அந்தக் குடிசைகளுக்குக் கதவெண் கிடையாது; ஆகவே எங்கள் வீட்டுவரிப் பதிவேட்டில் இல்லை. அங்கன்வாடிப் பட்டியலிலும் இல்லை. சொந்த ஊர்ப் பள்ளியில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வீடு வீடாக நடக்கும். வீடென்று எண் இருந்தால்தானே படியேறுவார்கள். நான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்த அளம், எந்தக் கங்காணி, எத்தனை குடிசை, எத்தனை பிள்ளை என்று மார்ச் மாதத்தில் நடந்துபோய் எழுதுவது. பின்னாளில் துறைமுகப் பக்கத்து வேலைகளுக்கும் மீன் பதனிடும் இடங்களுக்கும் வந்த வடமாநிலக் குடும்பங்களையும் அதே நோட்டில் சேர்த்தேன். அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைப்பதில் மொழி பெரிய தடையாக இருக்கும் என்று பயந்தோம். சிறுசுகள் ஒரு பருவத்துக்குள் எங்கள் ஊர்த் தமிழில் சண்டைபோடத் தொடங்கிவிட்டன.

இதெல்லாம் கருணையால் செய்வது என்று நினைக்கிற தலைவர்கள் உண்டு. இது கடமை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை ஒவ்வொரு ஊராட்சித் தலைவரும் படிக்க வேண்டும். தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையான ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேடு வைப்பது, சேர்க்கையையும் வருகையையும் உறுதிசெய்து கண்காணிப்பது, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. கல்வி நாட்காட்டியை முடிவுசெய்வதும் உள்ளாட்சி என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. நடைமுறையில் நாட்காட்டி சென்னையில் தயாராகிறது. தொடக்கப் பள்ளிக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் வேண்டும் என்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. உப்புப் பருவத்தில் காலை மணியை முன்னுக்கு வைக்கவோ, கடற்கரை ஊர்த் திருவிழாவுக்கு ஏற்ப உள்ளூர் விடுமுறையைப் பங்கிடவோ ஊராட்சியைக் கேட்கும் நாள் வர வேண்டும். அந்த வரி சட்டத்தில் சும்மா படுத்துக்கிடப்பது எனக்கு ஆறவேயில்லை.

மீனவர் தெருக்களின் கதை வேறு. அங்கே சட்டப்படியான வார்டு உறுப்பினர்கள் இருந்தாலும், சொல்லுக்கு மதிப்பு ஊர்க்கமிட்டிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டைப் போலீஸ் இல்லாமல் காக்கிற அமைப்பு அது. என் தகப்பனார் காலத்து ஆட்கள் முத்துக் குளிக்கிற சலாபத்தைப் பற்றிச் சொல்வார்கள். சலாபம் திறந்துவிட்டால் குடும்பத்தோடு கரையில் கூடாரம், பிள்ளைகளும் சிப்பிக் குவியலுக்குப் பக்கத்தில்தான். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளி நடக்கவில்லை. சங்குகுளி இருக்கிறது, வள்ளம் இருக்கிறது, கரைவலை இருக்கிறது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பையன்கள் அங்கே போனார்கள். பள்ளி அலுத்துப்போய் மட்டும் போகவில்லை. வள்ளத்தில் ஏறினால் அரைப்பங்கு கிடைக்கும். கையில் காசு வந்தபிறகு அந்தப் பையனை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

அப்போது எங்களுக்கு ஒரு பெண் தலைவர் இருந்தார். உப்பளத் தெருவிலிருந்து வந்தவர், உரக்கப் பேசமாட்டார். ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடுகிற இடத்துக்குப் பங்குச் சாமியிடம் சொல்லி நேரம் வாங்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பிள்ளைத் தொழிலாளர் சட்டம், அபராதம், தாசில்தார் என்று எதையும் அவர் எடுக்கவில்லை. "மாமா, நீங்க ஞாயித்துக்கெழம தொழிலுக்குப் போகாதீங்கன்னா ஊரே கேக்குது. பள்ளிக்கூடத்து வயசுப் பையனுக்குப் பங்கு பிரிக்காதீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

கமிட்டியில் வள்ளம் வைத்திருந்த வயதான சம்மாட்டி ஒருவர், "தொழில் எப்ப கத்துக்கிடுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீரோட்டமும் காற்றும் வகுப்பறையில் வராது. சனிக்கிழமை, விடுமுறை நாட்களில் தகப்பனோடு கரை வேலை பழகட்டும், பங்கு மட்டும் கிடையாது என்று முடிவானது. பங்கு நின்றதும் பையன்களுக்கு வள்ளத்தின் மீதிருந்த அவசரம் குறைந்தது. ஒரேயடியாக நின்றதென்று சொல்லமாட்டேன். கணவாய் நன்றாகப் படுகிற நாட்களில் சில பெயர்கள் பதிவேட்டில் மறையும். ஆனால் மறைந்தால் கமிட்டிக்கே அது தன் சொல்லை மீறிய காரியமாகப்பட்டது. அவர்களே போய்க் கேட்டார்கள். அன்றைய ஆந்திராவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவும் எம்.வி. அறக்கட்டளையும் ஊராட்சிகளைக் கொண்டே பிள்ளைகளை வேலையிலிருந்து பள்ளிக்குத் திருப்பிய விதத்தைப் பின்னால் படித்தேன். அவர்களும் அதிகாரத்தைவிட ஊரின் ஒப்புதலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

விசைப்படகுக் குடும்பங்களுக்கு வேறொரு இடைஞ்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. மீன்வளத்துக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் பள்ளி திறக்கிற ஜூன் முதல் வாரம் வீட்டில் காசு வறண்டுபோன வாரம். புத்தகம், சீருடை அரசு தந்துவிடுகிறது. எட்டு முடித்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளியில் சேர வேண்டிய பிள்ளைக்குத்தான் ஆபத்து. மாற்றுச் சான்றிதழ் வாங்குவதை "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தள்ளுவார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாகும். நாங்கள் மே மாதமே எட்டாம் வகுப்புப் பட்டியலை வாங்கி, யார் எங்கே சேரப்போகிறார்கள் என்று வார்டு உறுப்பினர்களைக் கேட்கச் சொன்னோம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-இல் திருத்தி அமைக்கப்பட்டபோது உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவருக்கு அதில் இடம் கிடைத்தது. அந்த இருவர் வருஷத்தில் வேறெதுவும் செய்யாவிட்டாலும், எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளைகளை ஒருவர் விடாமல் எண்ணிக் கரையேற்றினாலே பெரிய காரியம்.

பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் நிற்பதற்குக் கழிப்பறை காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறை இருந்தது. பூட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் இல்லாததாலும், கழுவ ஆள் இல்லாததாலும் பூட்டியிருந்தது. தொட்டியிலிருந்து பள்ளிக்கு ஒரு தனிக் குழாய் இழுத்தோம். கழுவுகிற பெண்ணுக்குச் சம்பளம் மாதக் கடைசியில் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தலைவர் தன் சொந்தக் காரியம்போலப் பார்த்தார். சம்பளம் இழுபட்ட மாதங்களில் பூட்டு மறுபடியும் தொங்கியது. அந்த மாதங்களை ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வரிசையில் தேதி சொல்லிக் காட்ட முடிந்தது. உப்பளத் தெருவிலிருந்து பள்ளிக்கு வருகிற குறுக்குப் பாதையில் இரண்டு பக்கமும் அடர்ந்திருந்த சீமைக்கருவேலத்தை 100 நாள் வேலையில் வெட்டிப் போட்டு, இரண்டு விளக்குப் போட்டதும் இதோடு சேர்ந்தது. மாலை சிறப்பு வகுப்புக்குப் பெண்பிள்ளைகள் தங்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. தமிழ்நாட்டில் அந்தக் கதையைத் தொடங்கியதே ஒரு உள்ளாட்சி. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. 1925-இல் ஆங்கில அரசு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாதென்று சொல்ல, நிறுத்த வேண்டி வந்தது. 1950-களில் காமராஜர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார்; எங்கள் மாவட்டத்து எட்டயபுரம் அதன் தொடக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. சாப்பாடு ஒன்றுக்கு 10 காசு என்றால் 6 காசு அரசு, மிச்சம் ஊர் என்று அப்போது கணக்கு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபிறகு ஊரின் பங்கு மறைந்து எல்லாம் அரசின் பொறுப்பாயிற்று. பிள்ளைகளுக்கு அது நிச்சயம். ஆனால் பள்ளிச் சமையல்கட்டு தன்னுடையது என்ற நினைப்பை ஊர் அதோடு இழந்தது என்றும் எனக்குத் தோன்றும்.

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அந்த நினைப்பு கொஞ்சம் திரும்பியது. முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். கிராமத்தில் சமைக்கிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற தாய்மார். தாய் விடியுமுன் அளத்துக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைக்குக் காலையில் சூடான உப்புமாவோ பொங்கலோ கிடைப்பது என்னவென்று உப்பளத் தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும். பிந்தி வருகிற பிள்ளைகள் முதல் மணிக்கு முன்பே வந்து நின்றார்கள். ஐந்தாம் வகுப்போடு திட்டம் நிற்கிறது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே அம்மாதான், அதே விடியற்காலைதான். ஊராட்சியின் சொந்த வரிப்பணத்தில் அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று மன்றத்தில் பேச்சு வந்தது. தணிக்கையில் தடை வரும் என்று பயந்து விட்டுவிட்டார்கள். சென்னை மாநகராட்சிக்கு 1925-இல் வந்த தடை ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எங்கள் ஊரில் பயமாக வந்து நின்றது. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் எந்தச் செலவையும் ஊராட்சி தன் பொதுநிதியில் செய்யலாம் என்று ஒரு அரசாணை போட்டால் இந்தப் பயம் போய்விடும்.

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர அயல்நாட்டு உள்ளாட்சிகள் என்ன செய்தன என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இங்கிலாந்தில் 1870 சட்டத்துக்குப் பிறகு பள்ளி வாரியங்கள் வீடு வீடாக ஆள் அனுப்பி, பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போட்டன. பிரேசிலில் கம்பினாஸ் நகராட்சியும் தலைநகர் பிரசீலியாவின் நிர்வாகமும் 1995-இல் வேறு வழி பிடித்தன. பிரசீலியாவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு நாள் பள்ளிக்குப் போனால் குடும்பத்துக்கு மாதம் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தார்கள். நகரங்கள் தொடங்கியதைப் பின்னால் நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. அபராதம் போடுகிற வழியை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். தண்ணீருக்கு நிற்கிற பிள்ளையின் தாய்க்கு அபராதம் போட்டால், அந்தத் தொகையைக் கட்ட இன்னும் நாலு நாள் பிள்ளை அளத்துக்குப் போகும்.

இவ்வளவும் நடப்பது மன்றம் என்று ஒன்று இருந்தால்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2020 ஜனவரி வரை எங்கள் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு தனி அலுவலர், அவருக்குக் கையில் எத்தனையோ ஊராட்சிகள். பில்லில் கையெழுத்து விழும், விளக்கு எரியும், கிராமசபையும் கூடும். ஆனால் உப்பளத் தெருவில் ஒரு பெண்பிள்ளை பத்து நாளாக வரவில்லை என்று சொன்னால், போய்க் கதவைத் தட்ட வார்டு உறுப்பினர் இல்லை. நான் போனால் கிளார்க்கு வந்திருக்கிறான் என்பார்கள்; ஓட்டுக் கேட்டு வந்தவள் வந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு கொரோனா வந்து பள்ளியே மூடியது. அந்த இரண்டு வருஷத்தில் வள்ளத்துக்கும் அளத்துக்கும் போன பெரிய பையன்களைத் திருப்பிக் கொண்டுவர, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, எங்கள் ஊரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அலுவலகத்துக்கு முன்பாகப் பள்ளி வளாகத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தலைவரும் உறுப்பினர்களும் நின்று செய்தார்கள். தனி அலுவலர் காலமாக இருந்திருந்தால் அந்த வரிசை அப்படி அமைந்திருக்குமா என்று தெரியாது. நான் ஓய்வுபெற்ற பிறகு, 2025 ஜனவரியில், மறுபடியும் அதே வெற்றிடம் தொடங்கிவிட்டது.

இப்போது அந்த நாற்காலியில் உட்காரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதுண்டு. நான் கிராமசபைத் தேதிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். மே 1 கிராமசபையில் எட்டாம் வகுப்புப் பட்டியலையும் குடிசை நோட்டையும் வாசியுங்கள். பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கும். ஆகஸ்ட் 15-இல் முதல் இரண்டு மாத வருகையைத் தெருவாரியாகச் சொல்லுங்கள், பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல். அக்டோபர் 2-இல் நலவாரியப் பதிவும் மழை நிவாரணமும். ஜனவரி 26 கிராமசபைக்குக் கங்காணிகளையும் அளத்து முதலாளிகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னிலையில், பள்ளி வயசுப் பிள்ளைக்கு அளத்தில் வேலையும் கிடையாது, கஞ்சி கொண்டுவரவும் கூப்பிடுவதில்லை என்று தீர்மானம் எழுதி, தீர்மானப் புத்தகத்தில் அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பிப்ரவரிக்குள் வாங்கிவிட வேண்டும். பாத்தி செப்பனிட்டு உப்பு விளையத் தொடங்கிவிட்டால் கங்காணிக்கு நம்மோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.